பலகையில் ஏறிய வரம்பு

சேலத்துக்கு வெளியே, அயோத்தியாப்பட்டணம் போகும் சாலையில் எங்கள் அலுவலகம். அமெரிக்கர்களின் வருமான வரிக் கணக்கை இங்கே உட்கார்ந்து நாங்கள் போடுவோம். எங்கள் பிரிவின் சீனியர் திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். தேய்த்த சட்டை, மழிக்காத நரைத்தாடி. மதியம் தன் மேசையிலேயே சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையை நகத்தால் இரண்டாக உடைப்பார். பாதியை விழுங்கிவிட்டு மீதியை அட்டையிலேயே செருகி வைப்பார்.

ஆண்டு முடியும் சமயத்தில் எவ்வளவு வருமானம் வரை எவ்வளவு வரி என்ற புதிய வரம்புகளை அந்த நாட்டு அரசு அறிவிக்கும். அவர்தான் வெள்ளைப் பலகையில் பழைய எண்களை உள்ளங்கையால் அழித்துவிட்டுப் புதியவற்றை எழுதுவார்.

சென்ற ஆண்டு அவர் எழுதிய அன்று காலையில்தான், இந்த முறையும் சம்பள உயர்வு இல்லை என்று எங்களுக்கு மெயில் வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண், "எதுக்குங்க சார் வருசா வருசம் வரம்ப ஏத்தறாங்க?" என்று கேட்டாள்.

"வெலவாசி ஏறுனா அங்க சம்பளமும் கொஞ்சம் ஏறுமுங்க. அது வெலைக்கே செரியாப் போயிரும். அதப் போயி வருமானம் கூடிருச்சுன்னு அதிக வரி புடிச்சா பாவமில்லீங்களா? அதுக்குத்தான் வரம்பையும் ஒசத்தறாங்க," என்றார், எப்போதும் போன்ற குரலில்.

மதியம் அவர் மாத்திரையை உடைத்தபோது, "டாக்டர் பாதிதான் போடச் சொன்னாருங்களா சார்?" என்று கேட்டேன்.

"முழுசாத்தானுங்க சொன்னாரு. மாத்திர வெல ஏறிப்போச்சு."

நீல மை ஒட்டிய உள்ளங்கையிலிருந்த மீதியை அட்டையில் செருகினார். பிறகு பலகையைப் பார்த்து, "கடைசி எண்ணு இங்கிருந்து தெளிவாத் தெரியுதுங்களா?" என்றார்.

"தெரியுதுங்க," என்றேன்.