காலையில் வாயை மூடச் சொன்ன வைத்தியம்

பிரஷர் கூடிப்போனதற்கு எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார். எழுந்ததும் பரபரவென்று ஓடாமல் கட்டிலிலேயே உட்கார்ந்து, கண்ணையும் வாயையும் மூடி, மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். போனைத் தொடக்கூடாது. “தேஷ்யம் பாடில்ல, சேச்சி” என்றார் மலையாளத்தில். கோபமே கூடாதாம். தேயிலைக் கொழுந்து மூட்டையோடு ஒருநாள் மேட்டில் ஏறிவிட்டு அவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் கேட்டேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகள்தான் காரணம். அவள் அப்பா போன மழைக்காலத்தில் இறந்ததிலிருந்து, தனியாக இருக்காதே என்று ஒரே நச்சரிப்பு. பிரஷர் இறங்காவிட்டால் வந்து கையோடு கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். எனக்கோ மாட்டுப்பட்டிப் பக்கத்து இந்த லயத்தை விட்டுப் போக மனமில்லை.

லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரி என்னோடு கொழுந்து எடுப்பவள், புருஷனோடு இருக்கிறாள். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், அவள் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவள். உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் அவளுக்கு நான் மதினி.

முதல் நாள் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மூச்சு இப்போதுதான் ஒரு நிதானத்துக்கு வருகிறது, கதவு இடிபட்டது. திறந்தால் இவள், தலைமுடிகூட முடியாமல்.

“என்ன மதினி, ஒரு சத்தத்தையும் காணோம்? உயிரே போச்சு எனக்கு!”

நான் தினமும் எழுந்ததும் அடுப்பைத் திட்டுவேன், பாத்திரத்தைத் திட்டுவேன், குளிரைத் திட்டுவேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் அடுப்பே பற்றவைப்பாளாம். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அப்படித்தானாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி மூச்சுவிடக்கூட உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று கத்திவிட்டேன். இது டாக்டர் சொன்ன வைத்தியம், சத்தம் இல்லையென்றால் உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம், வந்து தட்டாதே என்றேன்.

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் கரண்டி விழும் சத்தம்கூடக் கிடையாது. பொய் சொல்லக்கூடாது, அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது. பனி ஓட்டிலிருந்து சொட்டுவதை அத்தனை வருஷத்தில் அப்போதுதான் காதுகொடுத்துக் கேட்டேன்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போனபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே கிடந்தேன். நினைவு இருந்தது, நாக்குதான் எழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புருஷனை அதட்டுவது தெளிவாகக் கேட்டது.

“டிவிய அமத்துங்க. மதினி தியானத்துல இருக்காவ.”

கேட்டுக்கொண்டே கிடந்தேன். அவ்வளவு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. காலுக்கு எட்டியது எவர்சில்வர் குடம் ஒன்றுதான். உதைத்தேன். அது உருண்ட சத்தத்துக்கு இரண்டு பேரும் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார், ஆனால் உட்காருவதை நிறுத்த வேண்டாம் என்றார். அதனால் ஒரு வழி செய்தோம். நான் மூச்சை இழுத்துவிட்டு, “ஆண்டவரே” என்று வாய்விட்டுச் சொல்வேன். அந்தப் பக்கமிருந்து அவள், கதை கேட்பவள்போல, “ம்” கொட்டுவாள். மறுபடி மூச்சு, மறுபடி “ம்”. தியானம் என்று இதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

விழுந்த செய்தி கேட்டு மகள் லீவு போட்டு வந்தாள். வந்த கையோடு என் துணிமணிகளையும் பையில் அடைத்துவிட்டாள். அங்கே ஃபிளாட்டில் எல்லா வசதியும் இருக்கிறது என்றாள். விழுந்து கிடந்தவள் வேறென்ன சொல்வது, சரி என்றேன்.

மறுநாள் காலை, கடைசியாக ஒருமுறை என்று உட்கார்ந்தேன். “ஆண்டவரே” என்றேன். பதில் இல்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். இல்லை. பிரஷராவது ஒன்றாவது, செருப்புகூடப் போடாமல் ஓடி அவள் கதவை இடித்தேன். மகள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

கதவைத் திறந்தவளுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. “நீங்க போறியன்னு ராத்திரி பூரா ஒரே அழுகை மதினி. தொண்டை கட்டிப்போச்சு. ம் கொட்டத்தான் செஞ்சேன், உங்களுக்குக் கேக்கலையா?”

என்னைக் கலவரப்படுத்தியதற்கு அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

மகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்கள் வீட்டுக்குள் போய், என் சேலைகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.