மோட்டார் டிரைவர் உள்ளேயா, வெளியேயா?

அலுவலகத்தில் அவருக்கு வாசலம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே எவரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு இயந்திரம் செய்து விற்கும் நிறுவனம் அது. அந்த இயந்திரத்துக்குள் ஓடும் இயக்க அமைப்பின் நடுப்பகுதியான கெர்னல், வாசலம்மாவின் பொறுப்பு. அதற்குள் ஒரே ஒரு வரி நுழைய வேண்டுமானாலும் அவர் படித்து, சம்மதித்து, தம் கையாலேயே சேர்க்க வேண்டும். அப்படி ஒரு விதியை நிறுவனம் எங்கும் எழுதிவைக்கவில்லை. அவரே போட்டு, அவரே கட்டிக்காத்த வழக்கம்.

அந்த வழக்கத்தால் பெருமையைவிடத் தலைவலியே மிகுதியாகக் கிடைத்தது. அச்சுப்பொறியையும் தொடுதிரையையும் இன்ன பிறவற்றையும் இயக்கும் நிரல்களான டிரைவர்கள் அனைத்தும் கெர்னலுக்குள்ளேயே இருந்தன. எழுதியவர்கள் நல்ல சம்பளத்துக்கு வேறிடம் போய்விட்டார்கள். எழுதியவை இவர் தலையில் விடிந்தன. எங்கோ ஓர் ஊரில் அச்சுப்பொறி முரண்டு பிடித்தாலும் இவர் தொலைபேசிதான் அலறும்.

அந்த வாரம் புதிதாக ஒரு டிரைவர் வாசலுக்கு வந்து நின்றது. இரத்தக் குழாய்களைச் சுமந்து சுழலும் வட்டத் தட்டுக்கு மோட்டார் மாற்றியிருந்தார்கள். அதற்கான டிரைவரை எழுதியவர், மோட்டார்காரர் என்றே அனைவரும் அழைத்த ஓர் இளைஞர். கெட்டிக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

“உள்ள வச்சாத்தான் மேடம் வேகமா ஓடும். வெளிய தனி நிரலா வச்சா ஒவ்வொண்ணுக்கும் கெர்னல்கிட்ட வந்து கை கட்டி நிக்கணும்.”

“நிக்கட்டும். தட்டு சுத்தறதுதானே, ராக்கெட்டா விடறீங்க? உள்ள இருக்கறது ஒரு தப்பு பண்ணினா மொத்த மெஷினும் படுத்துடும். வெளிய இருந்தா அது மட்டும் சாகும். திரும்ப எழுப்பி விட்டுக்கலாம்.”

“நான் எழுதினது சாகாது மேடம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. சொன்னவங்க ஒருத்தர்கூட இப்ப இங்க இல்ல.”

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்க வேணா வைங்க. வியாழக்கிழமை வேலை முடியணும். அவ்வளவுதான்.”

வாசலம்மா சொன்னது நியாயமே. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குப் புறப்பட வேண்டும். அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. உடனிருக்க வேறு ஆளில்லை. டிரைவர் உள்ளே போனால், அது தும்மினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே இருந்தால் மோட்டார்காரர் பாடு. சென்ற முறை அக்கா கண் அறுவை செய்துகொண்டபோது, கட்டுப்போட்ட கண்ணோடு அவள் கட்டிலில் படுத்திருக்க, இவர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மடிக்கணினியும் கையுமாக அச்சுப்பொறிக்கு வைத்தியம் பார்த்தார். அதை அக்கா இன்னும் மறக்கவில்லை.

“வர்றதா இருந்தா முழுசா வா,” என்றாள் அன்று மாலை தொலைபேசியில். “உடம்பை மட்டும் அனுப்பி வைக்கறதுன்னா பார்சல்லயே அனுப்பிடு. இல்ல, நான் நர்ஸ் வச்சுக்கறேன்.”

“வரேன்க்கா. இந்தத் தடவை ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.”

“கூப்பிட்டா?”

“கூப்பிட மாட்டான்னு சொல்றேன்ல!”

ஆகவே டிரைவர் முழுவதையும் வெளியே வைத்தே தீருவது என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். மோட்டார்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றி எழுதினார். வேகம் குறைந்தது, ஆனால் தட்டு சுழலுவதைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. மேலாளருக்கும் காட்டிவிடலாம் என்று வியாழக்கிழமை இயந்திரத்தின் முன்னால் இருவரையும் நிறுத்தினார் வாசலம்மா.

“இப்ப பாருங்க. மோட்டார் நிரலை நானே கொல்லப்போறேன். தட்டு நின்னுடும், மத்ததெல்லாம் அதுபாட்டுக்கு ஓடும்.”

கொன்றார். தட்டு நின்றது. திரையும் நின்றது. தொட்டால் அசைவில்லை, விசைப்பலகைக்கும் பதிலில்லை. இயந்திரம் முழுவதும் கல்லாய்ச் சமைந்து நின்றது.

“மத்ததெல்லாம் அதுபாட்டுக்கு ஓடுது,” என்றார் மோட்டார்காரர் மெல்ல.

“கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?”

காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இயந்திரத்தின் புதிய மின்சுற்றுப் பலகையில் மோட்டாரும் தொடுதிரையும் ஒரே சமிக்ஞைக் கம்பியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. மோட்டார் அந்தக் கம்பி வழியே ஒருமுறை கூப்பிட்டுவிட்டால், ‘கேட்டேன்’ என்று அதற்கு எவராவது சொல்லும்வரை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அப்படிச் சொல்ல வேண்டிய நிரல் வெளியே செத்துக் கிடந்தது. கெர்னலோ அந்த ஓயாத கூச்சலுக்கு ஓடி ஓடியே மூச்சு முட்டி விழுந்துவிட்டது. பலகையின் வரைபடம் வாசலம்மாவின் மேசைமேல்தான் கிடந்தது. வாதத்தில் வெல்லும் அவசரத்தில் அவர் அதைப் புரட்டவே இல்லை.

“அப்ப உள்ளதானே வைக்கணும்?” என்றார் மேலாளர், பிரச்சினை தீர்ந்த மகிழ்ச்சியில்.

“முழுசா இல்ல,” என்றார் வாசலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. “கூப்பிட்டா ‘கேட்டேன்’னு சொல்லி வாயை அடைக்கறது மட்டும் உள்ள. எவ்வளவு வேகம், எங்க நிக்கணும், சிக்கினா என்ன செய்யணும், இதெல்லாம் வெளிய.”

மோட்டார்காரர் சற்று யோசித்தார். “இது சரிதான் மேடம்,” என்றார். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார். அதுவும் வாசலம்மாவுக்கு எரிச்சலையே மூட்டியது.

உள்ளே வைக்க வேண்டிய சிறு பகுதியை அவர் அங்கேயே உட்கார்ந்து விறுவிறுவென எழுதிச் சேர்த்தார். மீண்டும் நிரலைக் கொன்றபோது தட்டு மட்டும் நின்றது.

“நல்லது. உள்ள இருக்கறதை மேடம் பார்த்துப்பாங்க, வழக்கம்போல,” என்று கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார் மேலாளர்.

“மேடம் பார்த்துக்க மாட்டாங்க.”

“என்ன மேடம்?”

“நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். உள்ளயோ வெளியயோ, மோட்டார் இவரோடது. கெர்னல்ல சேர்க்கற உரிமையை இவருக்கும் கொடுத்துடறேன்.”

மோட்டார்காரரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. “எனக்கா? மேடம், அது உங்க விதியாச்சே…”

“என் விதிதானே? உங்க பாட்டன் சொத்தா? சேர்க்கறதுக்கு முன்னாடி வேற ஒருத்தரைப் படிக்கச் சொல்லுங்க. யாரு என்னன்னு என்னைக் கேக்காதீங்க.”

சொல்லிவிட்டாரே தவிர, கணினியில் அந்த அனுமதியைத் திறக்கும் பொத்தானை அழுத்துவதற்குள் அவர் இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொள்ளச் செய்து அக்காவை நடக்கவைக்கச் சொல்லிவிட்டுச் செவிலியர் நகர்ந்ததும் தொலைபேசி அடித்தது. அக்காவின் கண்கள் அதன்மேல் போயின.

“எடு, எடு. உயிர் போயிடப்போகுது.”

“மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க,” என்றார் மோட்டார்காரர். “நீங்க உள்ள எழுதினதுல ஒரு சின்ன தப்பு. கூப்பிட்டது மோட்டாரா திரையான்னு பார்க்காமலே ‘கேட்டேன்’னு சொல்லிடுது. திரை சில சமயம் தொட்டா கவனிக்கறதில்ல.”

வாசலம்மாவின் காது சுட்டது. பகிர்ந்த கம்பியில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்; புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேரை இதற்காக அவர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார். “எனக்கு அனுப்புங்க, நான் பார்த்து…”

“வேண்டாம் மேடம். மாத்திட்டேன். திரை எழுதறவர் படிச்சுப் பார்த்தார். சேர்த்தாச்சு.”

“சேர்த்தாச்சா?”

“சேர்த்துட்டுத்தான் கூப்பிடறேன். உங்களுக்குத் தெரியணுமேன்னு. அக்கா எப்படி இருக்காங்க?”

“இருக்காங்க,” என்று தொலைபேசியை வைத்தார். தம் தவறுமேல் வந்த கோபத்தையும், தம்மைக் கேளாமல் திருத்திவிட்டதன்மேல் வந்த கோபத்தையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் கையிலிருந்த தொலைபேசியை முறைத்தார்.

“என்னடி, மெஷின் படுத்துடுச்சா?”

“இல்ல. நல்லா ஓடுது.”

“அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? வா, பிடி.”

வாசலம்மா தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு, அக்காவின் தோளையும் இடுப்பையும் சேர்த்து அணைத்துப் பிடித்தார்.

“விடுடி சனியனே!” என்றாள் அக்கா. “இப்படி அமுக்கிப் பிடிச்சா நான் எந்தக் காலை எடுத்து வைக்கறது?”