எத்தனையாவது எழுத்து

சின்ன வயதில் என் உலகம் பெரும்பாலும் காதில்தான் இருந்தது. கடற்கரை மணல் வெயிலில் வெள்ளைப் புகையாகக் கிடக்கும். அதற்குள் நிறங்கள் மட்டும் நடமாடும். நீல நிறம் இருமிக்கொண்டு வந்தால் அப்பா. பச்சை நிறம் கருவாட்டு வாசத்தோடு வந்தால் அம்மா. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் எல்லோரும் நல்ல கறுப்பு. நான் மட்டும் பால் நிறம், முடியும் வெள்ளை, கண்மணிகள் ஓரிடத்தில் நில்லாமல் ஆடிக்கொண்டேயிருக்கும். பிறவியிலேயே நிறம் குறைந்த உடம்பு என்று இப்போது சொல்லத் தெரிகிறது. அன்று மாமி சொன்ன விளக்கம், அம்மா என்னைச் சுமந்திருந்தபோது நிலவை அதிகம் பார்த்துவிட்டார் என்பது. விடிந்தால் மீன் வெட்டவும் பொழுதுபட்டால் கிழிந்த வலை பொத்தவும் இருந்த அம்மாவுக்கு நிலவு பார்க்க எங்கே நேரம் கிடைத்தது என்று மாமியிடம் யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் பெரிய கெட்டிக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். யாராவது ஒருமுறை உரக்க வாசித்தால் போதும், அப்படியே ஒப்பிப்பேன். மாதா கோயிலில் பாடும் மன்றாட்டுமாலை முழுவதும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் எழுதச் சொன்னால் பக்கம் வெறுமையாகவே இருக்கும். தலைமை ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, கண்ணைக் காட்டிக் கண்ணாடி போட்டால் அடுத்த தவணைக்கு வரட்டும், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோயில் மண்டபத்துக்குக் கண் பார்க்கிறவர்கள் வந்திருந்தார்கள். சுவரில் தொங்கிய எழுத்து மட்டையை வாசிக்க முடியாதவர்களை மட்டும் உள்ளே டொக்டரிடம் அனுப்பினார்கள். வெளிச்சம் கூசாத, குளிர்ந்த மண்டபம். நான் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பிள்ளைகளின் குரல்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. "ப, ட, ம, ய, க, ர..." பிறகு இன்னொரு குரல், அதே எழுத்துகள். கேட்கக் கேட்க எனக்குத் தாலாட்டுப் போல இருந்தது. என் முறை வந்தபோது கடைசி வரிவரைக்கும் பிழையில்லாமல் சொன்னேன். எனக்கே புல்லரித்தது.

மட்டையருகே நின்ற இளைஞருக்கும் சந்தோஷம். "பிள்ளைக்குக் கண் நல்லாத் தெரியுது அக்கா. கண்ணாடி தேவையில்லை" என்றார்.

அம்மா நகரவில்லை. "தம்பி, இவள் செபப்புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டும் பிழையில்லாமல் வாசிக்கிறவள். நடுவில ஒண்டைத் தொட்டுக் கேளுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே கோலால் எங்கேயோ தட்டினார். தட்டிய சத்தம் கேட்டது.

"இது எத்தினையாவது, சேர்?" என்று பணிவாகக் கேட்டேன்.

அவர் கோலைக் கீழே வைத்துவிட்டு எங்களை உள்ளே போகச் சொன்னார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

உள்ளே டொக்டர் என் கண்ணுக்குள் வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "கண்ணாடி எழுதித் தாறன். கூச்சம் குறையும், கொஞ்சம் உதவும். ஆனால் முழுக்கத் தெளியாது அம்மா, இது பிறப்பில வந்தது. கரும்பலகைக்குக் கிட்டப் போய்ப் பார்க்க விடச் சொல்லுங்கோ. படிக்கக்கூடிய பிள்ளை."

"அதையும் ஒரு கடதாசியில எழுதித் தாங்கோ" என்றார் அம்மா. "நான் சொன்னால் ரீச்சர் கேக்கமாட்டா."

அந்தக் கடதாசிதான் என்னை அடுத்த தவணை பள்ளிக்கூடத்துக்குள் விட்டது. பழுப்புக் கண்ணாடியும் வந்தது. கரும்பலகையில் மூக்கு முட்ட நின்று எழுத்துகளைப் பார்த்தேன். அவை நான் நினைத்திருந்ததைவிட மெலிந்தவையாக இருந்தன.

ஆனால் கண் பார்த்த அன்று மத்தியானம் மண்டபத்திலிருந்து வீடு திரும்பும்போது அம்மாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அழுதுகொண்டே நடந்த அவர், வெயில் படாமல் என் தலைக்குமேல் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தார். நான் விலகி விலகி நடந்தேன். எல்லாப் பிள்ளைகளும் முன்னால் நின்றவர் சொன்னதைக் கேட்டுப் பாடமாக்கித்தான் சொன்னார்கள்; நான் எல்லோரையும்விடத் திறமாகச் சொன்னேன்; என்னை மட்டும் ஏன் அம்மா காட்டிக்கொடுக்க வேண்டும்? வரிசையில் முதலாவதாக நின்ற பிள்ளைக்கு அந்த எழுத்துகளை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.