உப்புக்காகச் செய்த ஸ்பிரிங் டெஸ்டர்

ஸ்பிரிங் வேலை நன்றி கெட்ட வேலை. வண்டி சுகமாகப் போனால் டிரைவர் கெட்டிக்காரன். தூக்கிப் போட்டால் மெக்கானிக் திருடன். கடலூரில் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது சொந்தக்காரன் வண்டியில் கை வைத்து மாட்டியிருந்தால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

உப்புத் தடை

சிதம்பரத்தில் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறான். அவன் வேனுக்குப் பின்பக்கம் ரெண்டு ஸ்பிரிங்கும் புதுசாகப் போட்டுக் கொடுத்தேன். சில நாளில் போன். "மாமா, வண்டி இடது பக்கம் சாயுது. ஒரு ஸ்பிரிங் டொச்சு." கொண்டு வா என்றேன். வந்தான். என் வாசலில் வேன் நேராகத்தான் நின்றது. அனுப்பினேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி போன்: சாயுது.

தம்பி அக்காவிடம் சொல்லிவிட்டான். அன்று மதியம் குழம்பில் உப்பு இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"என் தம்பி வண்டி நேரா ஓடட்டும். அப்புறம் போடறேன்."

பஜ்ஜி மாவு

ரெண்டு ஸ்பிரிங்கும் ஒரே பலம்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கென்று கம்பெனி மிஷின் வாங்க நமக்கு வசதி ஏது? நானே செய்தேன். பழைய கேட்டை அறுத்து ஒரு சட்டம். அடியில் ஜாக்கி, அதன் மேல் ஆள் எடை பார்க்கும் மிஷின், அதன் மேல் ஸ்பிரிங். ஜாக்கியை ஒரு அங்குலம் ஏற்றினால் ஸ்பிரிங் சட்டத்தில் முட்டி ஒரு அங்குலம் அமுங்கும். எத்தனை கிலோ காட்டுகிறதோ அதுதான் பலம். எடை மிஷின் வீட்டுக்காரியுடையது. உடம்பு இளைக்க வாங்கி வைத்திருக்கிறாள். கேட்டால் தரமாட்டாள், கேட்கவில்லை.

முதல் அழுத்திலேயே, சோதனைக்கு வைத்த பழைய ஸ்பிரிங் நழுவிப் பறந்து, பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி மாவுக் குண்டானில் விழுந்தது. கடைக்காரர் திட்டவில்லை. மாவோடு தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, இது வேக எண்ணெய் பத்தாது."

மீன்காரம்மா

ஸ்பிரிங் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் குழாய் வெட்டி வைத்தேன். கிள்ளையிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அம்மா ஷாக் அப்சார்பரோடு வந்தாள். அதன் ஸ்பிரிங்கை வைத்து ஜாக்கியை ஏற்ற ஏற்ற, எண் ஏறுவதையே கண் கொட்டாமல் பார்த்தாள்.

"பெரியவரே, அழுத்துனா கிலோ ஏறுதே! என் மீனையும் இதுல வச்சி அழுத்திக் குடுங்களேன்."

எந்தப் பக்கம்

மச்சானைக் கூப்பிட்டேன். வேன் வந்தது, வழக்கம்போல நேராக நின்றது. ஸ்பிரிங் ரெண்டையும் கழற்றி அவன் கண் முன்னால் அழுத்தினேன். ரெண்டுக்கும் ஒரே எண். இப்ப என்னடா சொல்றே என்றேன்.

"மிஷின் உங்களுது மாமா. உங்க பக்கந்தான் பேசும்."

மரியாதை

திரும்ப மாட்டி அனுப்பினேன். மறுநாள் முகூர்த்தம், மச்சானுக்குக் கல்யாணச் சமையல். உப்பில்லாமல் என் நாக்கு செத்துப்போயிருந்தது. பஸ் பிடித்து சிதம்பரம் போனேன். மண்டப வாசலில் வேன் நிஜமாகவே சாய்ந்து நின்றது. இடது கதவைத் திறந்தேன். கதவோரம் நாலு பேர் தூக்குகிற கிரைண்டர்.

"இது எப்பவும் இங்கதானா?"

"ஆமா மாமா. எறக்க சவுரியம்."

"பட்டறைக்கு வந்தப்ப இல்லியே?"

"உங்ககிட்ட வரும்போது வண்டிய காலி பண்ணி, கழுவி, சந்தனம் வச்சில்ல கொண்டாறேன். மரியாதை இல்லியா மாமா?"

உப்பு வந்தது

கிரைண்டரை நடுவில் தள்ள வைத்தேன். வேன் நிமிர்ந்தது. மச்சான் அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டான். நான் வந்து எடை மிஷினைக் கமுக்கமாகக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பில் உப்பு. ரெண்டு தரம் சோறு வாங்கினேன்.

காலையில் அவள் மிஷினில் ஏறினாள். நான் அழுத்திய அழுத்தில் அது எட்டு கிலோ கூட்டிக் காட்டியது. மிஷின் கெட்டுப்போச்சு என்று சொன்னால் கெடுத்தது யார் என்பாள். அவள் இறங்கி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, உப்பு ஜாஸ்தியானாதான் உடம்பு ஊதுதாம். இனிமே ரெண்டு பேருக்குமே உப்பு கிடையாது."

அழுத்தினால் பழையபடி நிமிர்வது ஸ்பிரிங் மட்டும்தான். எடை மிஷினும் நிமிரவில்லை, நானும் நிமிரவில்லை.