பாலத்தூணில் வைத்த கை

ரயில் ஆற்றுப்பாலத்தில் ஏறித் தடதடத்ததும் மகள் என் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். கரிப்புகை மூக்கில் ஏறியது.

இந்தப் பாலம் கட்டும்போது எனக்குப் பத்து வயது, தங்கை செல்லத்துக்கு ஐந்து. எங்கே போனாலும் பின்னாலேயே வருவாள். தொல்லை தாங்காமல், ஊரில் பேசிக்கொண்ட கதையைச் சொன்னேன்: "தூணு நிக்க ஒரு பிள்ளையப் பலி குடுக்கணுமாம். ஒன்னத்தான் தேடுதாவ."

அதன்பின் அவள் வாசல் தாண்டவில்லை. அப்பா அவளைத் தூக்கிப்போய், ஈரச் சுண்ணாம்பு மணக்கும் தூணில் அவள் கையை வைத்தார். "பாரு ஏட்டி, வெறுங் கல்லு." செல்லம் என்னைத்தான் பார்த்தாள். அடிக்குப் பயந்து நான் வாயே திறக்கவில்லை.

"பயப்படாத ஏட்டி, வெறுங் கல்லுதான்," என்று மகளின் முதுகைத் தடவினேன்.

"இல்லம்மா, உள்ள ஒரு பிள்ள இருக்கு. செல்லம் சித்தி சொன்னாவ."