எங்கள் வீட்டுக்கு ரேடியேட்டர் வைத்த கதை

போன வாரம் கனடாவிலிருந்து என் மச்சினன் தனபால் வந்திருந்தான். கொஞ்சம் சாக்லேட், கொஞ்சம் செண்ட், ஒரு போட்டோ ஆல்பம்.

வெளிநாடு போனவர்கள் அருவி முன்னால் நின்று போட்டோ எடுத்து வருவார்கள். இவன் இன்ஜினீயர் ஆயிற்றே... தன் வீட்டுப் பாதாள அறையில் இருக்கும் ஒரு தகரப் பெட்டியை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். என் கல்யாண ஆல்பத்தில்கூட என்னை அத்தனை பக்கம் எடுக்கவில்லை.

"இதென்ன தனபாலு, பீரோவா?"

"வெண்டிலேசன் மிஷினுங்க மாமா."

விளக்க ஆரம்பித்தான். அந்த ஊரில் வீட்டை ஒரு பொட்டுக் காற்று நுழையாமல் டப்பா மாதிரி மூடிவிடுவார்களாம். அப்புறம் மூச்சு விட வேண்டாமா? அதற்குத்தான் இந்த மிஷின். உள்ளே இருக்கும் பழைய காற்றை வெளியே தள்ளும். வெளியிலிருந்து புதுக் காற்றை உள்ளே இழுக்கும். இரண்டும் நடுவில் ஒரு தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். காற்று கலக்காது, சூடு மட்டும் கைமாறும். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் கைமாறுகிறதே, அதே மாதிரி. குளிர்காலத்தில் வெளியே போகிற காற்று தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும். வெயில் காலத்தில், உள்ளே வருகிற காற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும்.

"நம்மூருக்கு இதெல்லாம் வர இன்னும் ரொம்ப நாளாகுமுங்க மாமா" என்றான் பெருமூச்சோடு.

நான் என் மனைவி ருக்குவைப் பார்த்தேன். ருக்கு என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பின்னே? எழுபதுகளின் நடுவிலேயே நாமக்கல்லில், எங்கள் வீட்டு ஜன்னலில், ஒரு மிஷின் ஓடியது. தனபால் அப்போது டிரவுசர் போட்டுக்கொண்டு தம்மம்பட்டியில் கோலி விளையாடிக்கொண்டிருந்தான்.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தேன். புதிதாகக் கல்யாணம். அப்பா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, தெருவிலேயே முதல் ஆளாகக் கான்கிரீட் போட்டேன். தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது. நானும் அண்ணாந்து பார்த்தேன். பங்குனி பிறந்ததும்தான் தெரிந்தது... நான் கட்டியது வீடு இல்லை, அடுப்பு.

இந்த நேரத்தில்தான் ருக்குவுக்கு தம்மம்பட்டியில் பெண் குழந்தை பிறந்தது. மாமனாருக்கு அங்கே ரைஸ் மில். வீடும் மில்லும் ஒரே சுவர். அந்த இரைச்சலில் ஒருவருக்கொருவர் கத்திக்கத்தித்தான் பேசவேண்டும். அதனால் மாமனார் எங்கே போனாலும் அதே குரல்தான். கோயிலில் சாமியிடம் வேண்டிக்கொண்டால்கூட வெளியே செருப்பு பார்த்துக்கொள்கிறவருக்கு விவரம் தெரிந்துவிடும்.

மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவது வழக்கம். அதற்கு முன்னால் ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டுப் போக மாமனார் வந்தார். நல்ல உச்சிவெயில் நேரம். சுவரில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"மாப்ள, இதுல பணியாரம் ஊத்துலாமுங்க."

"சாயங்காலம் குளுந்துருமுங்க மாமா."

"எந்த மாசத்துச் சாயங்காலமுங்க?"

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் குரல் அப்படி.

"கோவிச்சுக்காதீங்க. பச்சப்புள்ளையை இந்தச் சட்டிக்குள்ள கொண்டாந்து போட முடியாது. ஆவணி வரட்டும், பாக்கலாம்."

ஆவணியா? நான் என் மகளை அதுவரை இரண்டே தடவைதான் கையில் வாங்கியிருந்தேன். இரண்டு தடவையும் என்னைப் பார்த்து வீறிட்டாள். ஆவணி வரைக்கும் விட்டால் மில்லில் மூட்டை தூக்குகிறவர்களை எல்லாம் அடையாளம் தெரியும், என்னைத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்மம்பட்டிக்கு பஸ் ஏறிப் போய் ருக்குவிடம் முறையிட்டேன். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"ஊட்டைக் குளுகுளுன்னு பண்ணுங்க, அடுத்த பஸ்ஸுல வாரேன்."

நான் பதறினால் எதையாவது அளக்க ஆரம்பித்துவிடுவேன். வீட்டில் இருந்த காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். பிற்பகலில் பார்த்தால் பாதரசம் உச்சிக்குப் போய் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு ஜன்னி.

நேராகப் பழனியப்பனிடம் ஓடினேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த சிநேகிதன். உலகத்தில் எதைச் சொன்னாலும் லாரியாகத்தான் அவனுக்குப் புரியும். முக்கால்வாசி சரியாகச் சொல்லி, மீதிக் கால்வாசியைக் குரலை உயர்த்திச் சமாளித்துவிடுவான்.

"உன்ற ஊட்டுக்கு ரேடியேட்டர் இல்ல. அதான் இன்ஜின் ஹீட் ஆகுது" என்றான்.

"ஊட்டுக்கு ஏதுடா இன்ஜின்?"

"குறுக்க பேசாத. லாரி ரேடியேட்டர்ல சுடுதண்ணி ஓடும், காத்து பட்டு தண்ணி ஆறும். உன்ற ஊட்டுல கெணத்துத் தண்ணியை ஓட்டுவோம். தண்ணி பட்டு காத்து ஆறும். அவ்வளவுதான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தெருப்பக்க ஜன்னலில் பழைய ரேடியேட்டர் ஏறியது. அதன் பின்னால் ஒரு லாரி ஃபேன், அதை ஓட்ட ஒரு மோட்டார். மாடித் தொட்டியிலிருந்து குழாய் இறங்கி ரேடியேட்டருக்குள் போய், அந்தப் பக்கம் வெளியே வந்து வாழைக்கு விழுந்தது. முதல் நாள் வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. வாழை ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப முக்கியமான வேலை" என்றான் பழனியப்பன். "ஊட்டுல ஒரு ஓட்டை இருக்கப்படாது. ஆறுன காத்து வெளிய ஓடிப்போயிரும்." புக்கிங் ஆபீஸ் லோடுமேன்கள் வந்தார்கள். மீதி ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வெளிப்பக்கமாகத் தார்ப்பாயைப் போர்த்தி, கல்கத்தா போகிற லோடு மாதிரி கயிறு போட்டு இறுக்கினார்கள்.

ஸ்விட்சைப் போட்டான்.

நிறைலோடு லாரி ஒன்று முதல் கியரில் கொல்லிமலை ஏறினால் எப்படி இருக்கும்? அந்தச் சத்தம். அலமாரியில் டம்ளர்கள் நடந்தன. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று விசாரித்தார்.

"ஏனுங்க தம்பி, ஊட்டை எங்க ஓட்டிட்டுப் போறீங்க?"

ஆனால் காற்று... நிஜமாகவே குளிர்ச்சி. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே அடுத்த பயமும் வந்துவிட்டது. இந்தச் சத்தத்தில் குழந்தை எப்படித் தூங்கும்? அப்பன் மூஞ்சிக்கே வீறிடுகிற குழந்தை ஆயிற்றே. மாமனார் இதைக் கேட்டால் வாசலோடு திரும்பிவிடுவாரே.

மோட்டார் மேல் மெத்தையைப் போர்த்திப் பார்த்தேன். மெத்தை கருகும் வாசனை வந்தது. கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். அவர்கள் வருகிற அன்று காலையிலிருந்து ஓட்டுவது. வண்டி தெருமுனையில் திரும்பியதும் நிறுத்திவிடுவது. ரேடியேட்டர் மேல் ஒரு சேலையைத் திரையாகத் தொங்கவிடுவது. மூடி வைத்த வீடுதானே, குளிர்ச்சி எங்கே போய்விடும்? வீடு குளிர்ந்துவிட்டது, வரலாம் என்று தம்மம்பட்டிக்குக் கடிதம் போட்டேன்.

வந்தார்கள். மாமனார் உள்ளே வந்து சுவரில் கையை வைத்தார். எடுக்கவில்லை.

"அட, குளுகுளுன்னு இருக்குதுங்களே."

ருக்கு என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் நாலு வீட்டுக்கு ரேடியேட்டர் வைத்திருப்பேன்.

ஆனால் குழந்தை வந்த சேதி தெரிந்ததும் தெரு சும்மா இருக்குமா? குழந்தை பார்க்க வந்தவர்கள், தார்ப்பாய் கட்டிய வீட்டைப் பார்க்க வந்தவர்கள், மாமனார் குரல் கேட்டு என்னவோ ஏதோவென்று வந்தவர்கள்... கூடம் நிறைந்துவிட்டது. சமையலறையில் சாம்பார் கொதித்தது. எல்லோரும் விட்ட மூச்சு எல்லோருக்கும் திரும்பக் கிடைத்தது. காற்று உள்ளே வர வழி வைத்த நாங்கள், வெளியே போக வழி வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வீடு இட்லிப் பானை ஆகிவிட்டது.

குழந்தை சிணுங்கியது. அப்புறம் அழுதது. அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் கத்திரிக்காய் நிறமாகும் வரை வீறிட்டது. ஆள் மாற்றி ஆள் வாங்கியும் நிற்கவில்லை. மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கெளம்பு சாமி. சாயங்கால பஸ்ஸைப் புடிச்சுருலாம்."

ருக்கு குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவளும் வேர்த்து நனைந்திருந்தாள்.

நான் கொல்லைப்புறம் ஓடினேன். தார்ப்பாயைப் பிரித்தால் காற்று வந்துவிடுமல்லவா? கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது லோடுமேன் போட்ட முடிச்சு. கல்கத்தா போனால்தான் அவிழும். நகத்தால் பிராண்டினேன். பல்லால் கடித்தேன். ஒரு காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் கயிற்றில் தொங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டினார்.

"லோடு இறக்கறீங்களா தம்பி?"

"அரிவாள் இருந்தாக் குடுங்கக்கா."

வெட்டினேன். தார்ப்பாய் சரிந்து என் தலைமேல் விழுந்தது. அந்த இருட்டுக்குள் நின்றுகொண்டிருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கொல்லிமலை லாரி!

என் உயிர் போய்விட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு துணி எடுக்கப் போன ருக்கு, தொங்கிய சேலையை விலக்கி, பின்னால் ஸ்விட்சைப் பார்த்து, என்னதான் இது என்று போட்டுவிட்டிருக்கிறாள். இத்தனை நேரம் மறைத்து வைத்தது மானத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இனி பஸ் இல்லை, நடந்தே போய்விடுவார்கள். தார்ப்பாயை உதறிவிட்டு உள்ளே ஓடினேன்.

கூடத்தில் எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. சத்தம் வந்த பக்கம் கண்ணை உருட்டியது. நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது. அப்படியே ருக்குவின் தோளில் சாய்ந்து... தூங்கிவிட்டது.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பிறந்ததிலிருந்து ரைஸ் மில் சுவரோடு ஒட்டித் தூங்கிய பிள்ளை. மில் ஓடாத நாள் அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது பயந்தது சூட்டுக்கு மட்டுமில்லை. நான் பாடுபட்டு உண்டாக்கி வைத்த அமைதிக்கும்தான்.

இப்போது ரேடியேட்டர் வழியாக வந்த காற்று கூடத்தைக் கடந்து, நான் கயிற்றை வெட்டித் திறந்துவிட்ட பின்ஜன்னல் வழியாகப் போனது. போகும்போது சாம்பார் வாசனை, தெருவின் மூச்சு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போனது. மாமனார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மோட்டாருக்கு மேலே குரலை உயர்த்தினார். அந்த வீட்டில் முதல்முறையாக அவர் குரல் சரியான அளவில் இருந்தது.

"இப்பத்தாங்க மாப்ள ஊடு ஊடாட்டம் இருக்குது."

அவர் ஊருக்குப் போக மூன்று நாளானது. ருக்குவும் பாப்பாவும் போகவேயில்லை.

அடுத்த வருஷம் பழனியப்பனுக்கு அவசரமாக ஒரு ரேடியேட்டர் தேவைப்பட்டது. கழற்றிக்கொண்டு போனான். இன்றைக்கும் லாரி ஏதாவது மேட்டில் முனகிக்கொண்டு ஏறினால், எங்கள் வீடுதான் போகிறதோ என்று திரும்பிப் பார்ப்பேன். அதற்கப்புறம் எத்தனையோ விஷயத்துக்குப் பதறியிருக்கிறேன். நான் பதறிய இடத்தில் பிரச்னை இருந்ததாக ஒருமுறைகூட நினைவில்லை.

பாப்பா இப்போது ஹைஸ்கூல். மார்கழியிலும் தலைமாட்டில் டேபிள் ஃபேன் கடகடக்க வேண்டும், இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் வீட்டில் முதலில் விழிப்பவள் அவள்தான்.

தனபால் ஆல்பத்தை மூடும்போது பெருமையாகச் சொன்னான்: "இதுல விசேஷமே என்னன்னா மாமா, சத்தமே வராது. இருக்குதுன்னே தெரியாது."

பாப்பா அவனைக் கவலையோடு பார்த்தாள்.

"அப்ப அங்க எல்லாரும் எப்புடிங்க மாமா தூங்கறாங்க?"