செவலைக் கோழியும் துரையின் தொப்பியும்

வெள்ளைக்காரத் தொப்பிக்கு என்ன மணம் என்று யாராவது என்னைக் கேட்டால், கோழி மணம் என்றுதான் சொல்வேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலை அள்ளிக் கப்பலேற்றிய வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் பங்களாவில் என் அப்பா சமையல்காரர். ஊரில் அவரைக் "குசினிக்காரர்" என்பார்கள். அந்தப் பங்களாவில் இருந்த இங்கிலீஷ்காரத் துரை, மழையில் ஊறி ஓரம் நைந்துபோன வெயிலுக்குப் போடும் தன் "சோலாத் தொப்பி"யை ஒருநாள் வேண்டாமென்று தள்ளிவிட, அப்பா அதை வேதப்புத்தகத்தைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தலையில் வைத்துத் தெருவில் நடக்கத் துணிச்சல் கிடையாது, தூர எறிய மனமும் கிடையாது. ஆகவே அது அடுக்களை மூலையில் மல்லாந்து கிடந்தது. அம்மா வளர்த்த செவலைக் கோழிக்கு இந்த மாதிரித் தயக்கமெல்லாம் இல்லை. ஏறி உட்கார்ந்து முட்டையிட்டது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் மிஷன் பள்ளி ஆண்டு விழாவுக்குக் "குளச்சல் சண்டை" நாடகம் என்று முடிவாயிற்று. அப்போதைக்கு ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் சீமையின் மிளகின்மேல் கண்வைத்துக் குளச்சலில் கப்பலை நிறுத்திய ஒல்லாந்து டச்சுக் கம்பெனியை, எங்கள் ஊர்ப் பேச்சில் "லந்தக்காரனை", திருவிதாங்கூர் மகாராஜா அடித்துப் பிடித்த கதை அது. ஜெயித்த ராஜாவாக நடிக்க ஆளே இல்லை, தோற்ற லந்தக் கப்பித்தானாக, அதாவது அவர்களுடைய தளபதியாக, நடிக்கத்தான் பள்ளிக்கூடமே அடித்துக்கொண்டது. ராஜாவுக்குக் காகிதக் கிரீடம், கப்பித்தானுக்கோ தொப்பி! ஆனால் ஊரிலேயே ஒரே தொப்பி எங்கள் அடுக்களையில் அல்லவா கிடந்தது? தொப்பி வரவேண்டுமென்றால் நானும் வருவேன் என்று ஒரே பிடியாக நின்றேன். ஹெட்மாஸ்டர் ஞானாபரணம் சார் தலையைச் சொறிந்துவிட்டு, சடை போட்ட பெண்பிள்ளையான என்னையே கப்பித்தான் ஆக்கினார். ராஜா வேஷம் எண்ணெய்ச் செக்குக்காரர் மகன் பொன்னுமணி தலையில் விழுந்தது.

கோழியை விரட்டித் தொப்பியை எடுத்ததில் அது ஊரைக் கூட்டிக் கொக்கரித்தது. தொப்பி ஓரத்தில் செவலை இறகுகள் நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தன. பிடுங்கப் போனேன், சார் தடுத்துவிட்டார். "கெடக்கட்டும் பிள்ளே, லந்தக்காரனுக்க தொப்பியில தூவல் உண்டும்!" என்றார்.

அந்தச் சண்டையில் எங்கள் பக்கத்துக்குப் பெருமையான ஒரு சங்கதி உண்டு. ராஜாவிடம் படை போதாமல், கரையோர மீன்பிடிக்காரர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்தி வரிசையாக நின்றார்களாம். கப்பலிலிருந்து பார்த்த லந்தக்காரன் பெரும்படை என்று வெலவெலத்துப் போனானாம். நாடகத்துக்குத் துடுப்பு இரவல் கேட்டுச் சார் கடற்கரைக்குப் போனார். வள்ளக்காரர் சூசை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "துடுப்பு தனியா வராது சாரே. கூட நாங்களும் வருவோம். நின்னது எங்க பாட்டன்மாருல்லா?"

ஒத்திகை ஜாம்ஜாமென்று நடந்துகொண்டிருந்தபோதுதான் தெரியவந்தது, விழாவுக்குத் தலைமை அப்பாவின் பங்களாத் துரை என்று. கடைசிக் காட்சியில் கப்பித்தான் தொப்பியைக் கழற்றி ராஜாவின் காலடியில் மண்ணில் வைத்துச் சரணடைய வேண்டும். அப்பா அன்றிரவு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மக்களே, துரைக்க கண்ணு முன்னால அவருக்க தொப்பிய மண்ணுல வச்சியானா, நாளைக்கு எனக்கு குசினி இல்ல. நமக்கு அடுப்பும் எரியாது, கேட்டியா?" என்றார். சாரிடம் போய்ச் சொன்னேன். அவரும் பயந்தவர்தான், ஆனாலும், "கப்பித்தான் தோக்கல்லேன்னா பின்னே சண்டை எதுக்கு பிள்ளே?" என்று கையை விரித்தார்.

விழா நாளில் கடற்கரை முழுவதும் பள்ளி முற்றத்தில் இருந்தது. முன்வரிசையில் துரை, அவர் நாற்காலிக்குப் பின்னால் தேத்தண்ணீர்த் தட்டோடு அப்பா. சூசையும் கூட்டாளிகளும் துடுப்போடு வந்து நின்றபோது எழுந்த ஆரவாரத்தில் மாமரத்துக் காக்கைகள் பறந்துபோயின. கடைசிக் காட்சி வந்தது. தொப்பியைக் கழற்றினேன், அப்பாவைப் பார்த்தேன். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். என் கை இறங்க மறுத்தது. பொன்னுமணி பல்லைக் கடித்துக்கொண்டு, "வையிட்டீ, வையி!" என்றான். ஒத்திகைக்கே வராத சூசைக்குப் பொறுமை போய்விட்டது. "ஏலே லந்தக்காரா, வைக்கியா இல்லியா?" என்று துடுப்பை ஓங்கிக்கொண்டு அவர் ஓரடி முன்னால் வர, கூட்டாளிகளும் வந்தார்கள்.

மண்ணில்தானே வைக்கக் கூடாது? எட்டித் தொப்பியை ராஜாவின் தலையிலேயே கவிழ்த்துவிட்டேன். காகிதக் கிரீடம் நசுங்க, தொப்பி மகாராஜாவின் மூக்குவரை இறங்கியது. செங்கோலைப் பிடித்தபடி அவர் கண் தெரியாமல் தடவினார். முற்றமே உருண்டு சிரித்தது.

துரை எழுந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தோற்றது யார் என்று துரை இங்கிலீஷில் கேட்க, "ஒல்லாந்துக் கம்பெனி, ஐயா, உங்களுடையதல்ல" என்று சார் இங்கிலீஷிலேயே தடுமாறினார். துரை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதைச் சார் உயிர் வந்தவராகத் தமிழில் கூவினார்: "துரைக்கு ரொம்ப சந்தோஷம்! லந்தக்காரன் அவங்களுக்கும் ஏவாரத்துல எதிரியாம். இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்னு சொல்லுகாரு!"

ஒரே கைதட்டல். அது ஓய்ந்தபின் சூசை துடுப்பை ஊன்றிக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: "லந்தக்காரன் போயாச்சு, சரி. இவனுக்க முறை எப்ப சாரே?"

துரை ஆவலோடு சார் முகத்தைப் பார்த்தார். "வருகிற வருஷமும் துரை வரவேண்டும் என்று கேட்கிறான்" என்று சார் கூசாமல் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். "கட்டாயம் வருவேன், நான் எங்கே போய்விடப் போகிறேன்!" என்று துரை சூசையின் கையைப் பிடித்துக் குலுக்க, முற்றம் மறுபடி உருண்டது. மறுநாள் அப்பாவுக்குக் குசினி இருந்தது; தொப்பி கோழிக்கே திரும்பப் போயிற்று.

துரை போவதற்கு இன்னும் பல வருஷங்கள் ஆயின. சுதந்திரம் வந்து கொடி மாறியபின் ஒரு காலைநேரம் அவர் காரில் ஊரைவிட்டுப் புறப்பட்டார். வழியனுப்ப அப்பாவோடு நானும் நின்றேன். சாலையோரத்தில், நரைத்துப்போன சூசை ஒற்றை ஆளாகத் துடுப்பைத் தோளில் சாத்தி விறைப்பாக நின்றிருந்தார். தனக்கு மரியாதை செய்கிறார் என்று துரை நினைத்தாரோ, பழைய நாடகம்தான் ஞாபகம் வந்ததோ, எனக்குத் தெரியாது. காரை மெதுவாக்கி, சூசையைப் பார்த்துத் தன் தொப்பியைக் கழற்றினார்.

இன்று அந்தப் பங்களா இல்லை. வள்ளங்களுக்கெல்லாம் எஞ்சின் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாராவது அந்த நாடகம் போட நினைத்தால் துடுப்புக்கும் பஞ்சம், கூடவே வர சூசையும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கோழி எங்கேயாவது முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்கும்போது, இந்த வயதிலும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. ஒரு கம்பெனியின் சரணாகதியை நான் என் கையால் செய்தேன், இன்னொன்றின் சரணாகதியைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு தடவையும் தொப்பி மண்ணில் விழவில்லை, தலையிலிருந்துதான் இறங்கியது. சூசைக்கு அது போதுமாயிருந்தது.